ராகு காலத்தில் போட்ட பூட்டு

போன மாதம் கார்த்திக் என்றொரு பையன் போன் செய்தான். நான் வேலை பார்த்த கம்பெனியை இப்போது வாங்கியிருக்கும் சென்னைக்காரர்களிடம் இருக்கிறானாம். நான் எழுதிவைத்துவிட்டு வந்த கல்யாண மண்டபப் பதிவு புரோகிராமைப் புதுப் பாஷையில் மாற்றி எழுதுகிறார்களாம். அவன் பேசும்போதே பின்னால் இரண்டு மூன்று பேர் சிரிப்பது கேட்டது.

“மேடம், உங்க கோடுல ‘ராகு’னு ஒரு பேரு வந்துட்டே இருக்கே, அது என்ன மேடம்? டேட்டாபேஸ்ல பஞ்சாங்கம் ஏதாவது வெச்சிருந்தீங்களா?”

பின்னால் சிரிப்பு இன்னும் பலமானது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. தங்களுக்குப் புரியாத வரியைக் கண்டால், அதை எழுதியவருக்குப் புத்தி மட்டு என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். ஏன் எழுதினார் என்று கேட்க அவர்களுக்கு நேரம் இருக்காது. இவனாவது போன் செய்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவனுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த ராகு எப்படி உள்ளே வந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

எண்பத்தொன்பதில் மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தலைநகரானதும் ஊரில் ஆளாளுக்கு ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார்கள். சலூன்காரர்கூடப் பலகையில் ‘மாவட்டத் தலைநகர்’ என்று சேர்த்து எழுதினார். கலெக்டர் ஆபீஸ் வந்தால் கம்ப்யூட்டர் வேலை வந்து கொட்டும் என்று கணக்குப் போட்டு, சபாபதி என்பவர் தேரடித் தெருவில் ஒரு மாடியறையில் கம்பெனி தொடங்கினார். கலெக்டர் ஆபீசிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. அரிசி மில்காரர்களும் சீட்டுக் கம்பெனிக்காரர்களும்தான் வந்தார்கள்.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. கணிதத்தில் பட்டம், வேலூரில் ஒரு வருடக் கம்ப்யூட்டர் படிப்பு. ஏசி அறைக்குள் நுழையும்போது செருப்பை வாசலில் விட வேண்டும் என்பதை அந்தப் படிப்பில் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். மற்றதை வேலைக்குப் போன பிறகு கற்றுக்கொண்டேன்.

ஐந்து பேர் வேலை பார்த்த அந்தக் கம்பெனியில் சபாபதி தன்னை ‘எம்.டி.’ என்று கூப்பிடச் சொன்னார். கெஜட்டட் ஆபீசர்களைப் போலப் பச்சை மைப் பேனா வைத்திருப்பார். நாங்கள் எழுதும் ஒவ்வொரு புரோகிராமையும் ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் அச்சடித்து அவர் மேஜைமேல் வைக்க வேண்டும். எச்சில் தொட்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, மூலையில் பச்சையில் சுருக்கொப்பம் போடுவார். “எரர் ஏதாச்சும் இருக்கா?” என்பார். “இல்ல சார்” என்போம். “அப்ப சரி” என்று அடுத்த பக்கம். அவர் கையெழுத்து விழுந்த பிறகு அதில் ஒரு வரியை மாற்றினால்கூட மொத்தத்தையும் மறுபடி அச்சடித்து மறுபடி பச்சை மை வாங்க வேண்டும். இதற்கு ‘சோர்ஸ் கோட் கன்ட்ரோல்’ என்று பெயர் வைத்திருந்தார்.

ஒரே ஒருமுறை ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. ஆள் எதையோ கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்கே திக்கென்றது.

“இன்னா விஜயா, இந்த லைன்லாம் உள்ள தள்ளித் தள்ளி இருக்கு? மார்ஜின் நேரா இருக்கணும்ல?”

எது எதற்குள் அடங்கும் என்று கண்ணுக்குத் தெரிவதற்காகத் தள்ளி எழுதுவது அது. சொல்லிப் பார்த்தேன். “பள்ளிக்கூடப் பசங்களே நேரா எழுதுது” என்றார். அத்தனை வரிகளையும் இடது ஓரத்தில் ஒட்டவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். திருப்தியாகக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு அந்தப் புரோகிராமைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் வலித்தது, அவருக்கு வலிக்கவில்லை, அவர்தான் படிப்பதே இல்லையே.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரிலிருந்த ஐந்து மண்டப முதலாளிகள் கூடிப் பேசி, எல்லா மண்டபத்துக்கும் ஒரே பதிவு என்று ஏற்பாடு செய்தார்கள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஆபீஸ், வேங்கிக்காலில் ஒரு ஆபீஸ். இரண்டும் டெலிபோன் லைன் வழியாக எங்கள் மாடியிலிருந்த ஒரே கம்ப்யூட்டரோடு பேசும். அந்தக் கூட்டுக்குத் தலைவராக இருந்த அரிசி மில் முதலாளியை எல்லோரும் சேர்மன் என்பார்கள். கடையில் விற்கும் டேட்டாபேஸின் விலையைக் கேட்டதும் எம்.டி.க்கு வேர்த்துவிட்டது. “நீயே ஒண்ணு எழுதிடு விஜயா” என்றார், ரசம் வைக்கச் சொல்வது மாதிரி. எழுதினேன். நல்லாத்தான் எழுதினேன். அதில் எனக்கு அடக்கமெல்லாம் கிடையாது.

ஒரு மண்டபம், ஒரு தேதி, இரண்டும் சேர்ந்தால் பதிவேட்டில் ஒரு வரி மாதிரி ஒரு வரிசை. கவுன்டரில் இருக்கும் பெண் அந்த வரிசையைத் திறந்ததும் அதற்குப் பூட்டு விழும். வேறு எந்தத் திரையிலிருந்தும் அதைத் தொட முடியாது. பேர், விலாசம் எல்லாம் அடித்துக் கடைசியில் சேமிக்கும் பட்டனை அழுத்தினால் பதிவாகிப் பூட்டு கழலும். பாதியில் விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி பழைய நிலைக்குப் போய்விடும். வரிசையைத் திறக்கும்போதே அந்த வேலைக்கு ஒரு எண் கொடுத்துவிடுவேன். அடுத்து வருபவருக்கு அடுத்த எண். டிரான்சாக்‌ஷன் நம்பர் என்பது இதுதான். எது முன்னால் தொடங்கியது, எது பின்னால் தொடங்கியது என்று இயந்திரம் தனக்குத்தானே தெரிந்துகொள்வதற்கு மட்டும்.

எம்.டி. அதை ரசீதில் பெரிதாக அச்சடிக்கச் சொன்னார், பார்க்க மதிப்பாக இருக்குமாம். வந்தது வினை. “கூட்டினா எட்டு வருதேம்மா, கல்யாணக் காரியம், வேற நம்பர் குடு” என்று ஜனங்கள் ரசீதைத் திருப்பிக் கொடுத்தார்கள். பஸ் ஸ்டாண்ட் கவுன்டரில் இருந்த அமுதா, அதைக் கலைத்துவிட்டு மறுபடி திறப்பாள். அடுத்த எண் கூட்டினால் ஒன்பது. முகமெல்லாம் பல்லாக வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். ஆனால் அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை, தொலையட்டும் என்று விட்டேன்.

கெடுதல் வெள்ளிக்கிழமைகளில் வந்தது. வெள்ளிக்கிழமை மங்களகரமான நாள், மண்டபம் பேச ஜனங்கள் அன்றைக்குத்தான் கிளம்பி வருவார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். அந்த நேரத்தில் பதிவு செய்ய மாட்டார்கள். சரி, போய்விட்டுப் பன்னிரண்டுக்கு வரலாம் அல்லவா? அதற்குள் வேறு யாராவது தேதியைப் பிடித்துவிட்டால்? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்.

“எல்லாத்தையும் அடிச்சு வெச்சுக்கோம்மா. பட்டனை மட்டும் ராகு காலம் போனதும் அமுக்கு.”

ராகு காலத்தில் பேர் அடிக்கலாமாம், விலாசம் அடிக்கலாமாம், பட்டனைத்தான் அழுத்தக் கூடாதாம். ராகுவுக்கு அந்த ஒரு பட்டன் மேல்தான் கண் போலிருக்கிறது. நான் எந்தப் பூட்டை ஒரு நிமிட வேலைக்கு என்று எழுதினேனோ, அதைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டார்கள். இதற்கிடையே வேங்கிக்காலில் யாராவது அதே மண்டபத்தை அதே தேதிக்குக் கேட்டால், அந்தத் திரை அப்படியே உறைந்து நிற்கும். முன்னால் இருப்பவர் பூட்டை விடும்வரை இது காத்திருக்கும், அதுதான் முறை. எம்.டி. வந்து டெர்மினலின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார்.

தட்டிப் பலனில்லை என்றதும் தன் மச்சானைக் கூட்டி வந்தார். ஸ்ரீதர். சென்னையில் பெரிய கம்பெனியில் இருந்தவர் என்றார்கள். ஏன் ‘இருந்தவர்’ ஆனார் என்பதைச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்தவரிடம் நான் அதைக் கேட்கவும் இல்லை. என் புரோகிராமில் சில வரிகளைச் சேர்த்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒருவர் பூட்டைப் பிடித்திருந்தால் அது தானாகக் கழன்றுவிடும். திரை உறையாது. எம்.டி. கைதட்டாத குறை.

“பூட்டு கழன்டதை உள்ள இருக்கிறவங்களுக்குச் சொல்லணும் சார்” என்றேன். “அவங்க பூட்டு இருக்குதுன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருப்பாங்க. இல்லன்னா சேமிக்கும்போதாவது, அந்த வரிசையில கடைசியா எழுதின நம்பர் எதுன்னு பாக்கணும். நடுவுல வேற நம்பர் வந்திருந்தா மறுத்துடணும்.”

“அதெல்லாம் தியரி மேடம்” என்றார் ஸ்ரீதர். “பிராக்டிகலா யோசிங்க. இந்த ஊர்ல ஒரே மண்டபத்தை ஒரே நேரத்துல ரெண்டு பேர் கேக்கறதெல்லாம் எத்தனை வாட்டி நடக்கப்போவுது?”

எம்.டி. என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பச்சைப் பேனாவைத் திறந்தார்.

நடந்தது. முனுசாமி கீழ்பென்னாத்தூர் போகும் தனியார் பஸ்ஸின் டிரைவர். அவர் வண்டியில் நானே எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவர் மகள் கலாவுக்கு முன்னால் பேசிய ஒரு சம்பந்தம், நிச்சயம் வரை வந்து தட்டிப்போயிருந்தது. அதற்குப் பிறகு போளூர் பக்கத்திலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார் ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமை வண்டியை மாற்று ஆளிடம் விட்டுவிட்டு முனுசாமி பஸ் ஸ்டாண்ட் ஆபீசுக்கு வருவதற்குள் ராகு காலம் தொடங்கிவிட்டது. அமுதா வரிசையைத் திறந்தாள், எல்லாவற்றையும் அடித்து வைத்தாள். அவர் வெற்றிலை பாக்குத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு கவுன்டருக்கு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அதே காலையில் வேங்கிக்கால் ஆபீசுக்கு அறிவழகன் வாத்தியார் போயிருக்கிறார். ரிட்டையரான தமிழ் வாத்தியார். எந்நாளும் கறுப்புச் சட்டைதான். நல்ல நேரம், கெட்ட நேரம் என்றாலே அவருக்கு ஆகாது. ஆகாது என்பதைக் காட்டுவதற்காகவே எல்லாவற்றையும் ராகு காலத்தில் செய்வார். ஒருவர் ராகு காலத்தைக் கண்டு ஓடுகிறார், ஒருவர் ராகு காலத்தைத் தேடி ஓடுகிறார். கடிகாரத்தைப் பார்ப்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் வித்தியாசமில்லை.

“மணி இன்னாம்மா ஆவுது? பன்னெண்டு அடிக்கறதுக்குள்ள போட்டுடு. ரசீதுல நேரம் தெரியணும்” என்று அந்தப் பெண்ணை அவசரப்படுத்தினாராம். மகன் கல்யாணத்துக்கு அதே மண்டபம், அதே ஞாயிறு. அவருக்கு முகூர்த்தம் வேண்டாம், உறவுக்காரர்களுக்கு விடுமுறை வேண்டும். முனுசாமியின் பூட்டு எப்போதோ கழன்றிருந்தது. வரிசை திறந்தது, பதிவானது, ரசீது வந்தது.

பன்னிரண்டு மணிக்கு முனுசாமி எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, “ம், இப்ப அமுக்கும்மா” என்றார். அமுதா அழுத்தினாள். வாத்தியார் பேர் இருந்த இடத்தில் முனுசாமி பேர் ஏறி உட்கார்ந்தது. இயந்திரம் ஒரு முனகல்கூட முனகவில்லை. இரண்டு பேருக்கும் ‘நன்றி, வணக்கம்’ சொன்னது. அந்த வணக்கம் எம்.டி. வைக்கச் சொன்னது.

மண்டப முதலாளிக்குப் பத்திரிகை வைப்பது ஊர் வழக்கம், அந்த மண்டபம் சேர்மனுடையது. முனுசாமி மஞ்சள் தடவிய பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து சேர்மனிடம் நீட்டியபோது, அவர் மேஜைக்கண்ணாடிக்கு அடியில் ஏற்கெனவே வாத்தியாருடைய பத்திரிகை இருந்தது. பிள்ளையார் சுழி இல்லாதது. அதே மண்டபம், அதே தேதி. அன்றைக்கு மற்ற நான்கு மண்டபங்களும் நிரம்பிவிட்டன. ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. தேதி தள்ளிப்போனால் போளூர்க்காரர்கள் சகுனம் சரியில்லை என்று எழுந்து போய்விடுவார்கள், இரண்டாவது முறையும் தட்டிப்போன பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்?

எம்.டி. அறையில் பஞ்சாயத்து. படியேறும்போதே எம்.டி. என்னை ஓரங்கட்டினார். “விஜயா, வாத்தியார் கோர்ட்டு, பேப்பர்னு போற ஆளு. டிரைவர் இன்னா பண்ணிடப்போறான்? வாத்தியார்தான் முதல்னு சொல்லிடு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அவர் சொல்லச் சொன்னது உண்மை. முதலில் சேமித்தது வாத்தியார்தான். ஒரு கோழை தன் பயத்துக்காக உண்மையைக் கடன் கேட்டால் அதைக் கொடுக்கவும் மனசு வராது, மறுக்கவும் வழியில்லை. அந்த ஆளை நான் அதுவரை கேலிதான் செய்திருந்தேன். அன்றைக்குத்தான் வெறுத்தேன்.

“ஏம்மா, பொட்டி இன்னா சொல்லுது?” என்றார் சேர்மன்.

“பொட்டி முனுசாமி பேரைச் சொல்லுதுங்க. ஆனா அது மேல எழுதினதால சொல்லுது. மொதல்ல பதிவானது வாத்தியார் பேரு.”

முனுசாமி ரசீதைப் பிரித்தார். “என் நம்பர்தாங்க கம்மி. அவருது ஜாஸ்தி. கம்மி நம்பர்தான முன்னாடி?”

“அந்த நம்பர் நீங்க வண்டிக்குள்ள ஏறினப்ப குடுத்ததுங்க. சீட்டுல உக்காந்தப்ப குடுத்தது இல்ல.”

“ஏறினதும் துண்டு போட்டேனேம்மா? துண்டு போட்ட சீட்டுல இன்னொருத்தர் உக்காரலாமா?”

“துண்டு போட்டா சீட்டு உங்களுதாயிடுமா?” என்றார் வாத்தியார். “உக்காந்தவங்களுக்குத்தாங்க சீட்டு. நல்ல நேரம் பாத்துத்தான் உக்காருவேன்னு நின்னா, அதுக்கு ஊரு பொறுப்பாவுமா?”

“நான் எங்கயும் போவலீங்க. டீ குடிக்கக்கூட எந்திரிக்கல. துண்டையே பாத்துக்கினு இருந்தேன். யாராச்சும் எடுத்திருந்தா அப்பவே கேட்டிருப்பேன்.” முனுசாமி என் பக்கம் திரும்பினார். “இன்னாம்மா, என் துண்டை எடுத்தது யாரு?”

ஸ்ரீதர் டையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். எம்.டி. பச்சைப் பேனாவின் மூடியைத் திறந்து மூடினார்.

“நாங்கதாங்க எடுத்தோம்” என்றேன். “அஞ்சு நிமிஷத்துல எடுத்துட்டோம். எடுத்ததை உங்களுக்குச் சொல்லல.”

“டெக்னிகலா பாத்தா...” என்று ஆரம்பித்தார் ஸ்ரீதர்.

“நீ சும்மா இருப்பா” என்றார் சேர்மன்.

கதவோரத்தில் கலா நின்றிருந்தாள். கொடுத்தது போக மீதமிருந்த பத்திரிகைக் கட்டை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தாள். வாத்தியார் அவளை ஒருமுறை பார்த்தார், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டார். கல் நெஞ்சுக்காரர் இல்லை. ஆனால் அவருக்கும் மகன் கல்யாணம்.

“நான் நாள் கிழமை பாக்கறவன் இல்ல” என்றார், குரல் கொஞ்சம் இறங்கி. “மாத்திக்குவேன். ஆனா பம்பாய்லேர்ந்து ஜனங்க டிக்கெட் எடுத்தாச்சு. அதுவும் ஞாயித்துக்கெழமை சாயந்தரம் நாலரைக்கு மேல ராகு காலம். அந்த நேரத்துலதான் எம்மவன் மாலை மாத்துவான்னு பத்திரிகையிலயே போட்டுட்டேன்.”

முனுசாமிக்குத் தன் துக்கமே மறந்துவிட்டது. “ராகு காலத்துலயா?”

“ஆமா. இன்னா இப்ப?”

“பொண்ணு வீட்ல ஒத்துக்கினாங்களா?”

“ஏன் ஒத்துக்கமாட்டாங்க?”

“அந்தப் பொண்ணு பாவம்ங்க” என்றார் முனுசாமி, மனசார.

வாத்தியாருக்கு ரோஷம் வந்துவிட்டது. ராகு என்றால் என்ன, அது எந்த வானத்தில் இருக்கிறது, காட்டுங்கள் என்று ஆரம்பித்தார். ஊர்க்கல்யாணம் இரண்டு நடுத்தெருவில் நிற்கிறது, இவர்கள் கிரகத்தைப் பற்றி வாதம் செய்கிறார்கள். எம்.டி. “அமைதி, அமைதி” என்று பேனாவால் மேஜையைத் தட்டுகிறார். எனக்குத் தாங்கவில்லை. இரண்டு பத்திரிகைகளையும் எடுத்து சேர்மன் முன்னால் போட்டேன்.

“இவரு காலையில ஏழரைக்குள்ள தாலி கட்டி முடிச்சுடுவாரு. அவரு சாயந்தரம் நாலரைக்கு முன்னாடி மேடை ஏறவேமாட்டாரு. ராகு காலம்னா இவரு அந்தப் பக்கமே வரமாட்டாரு, ராகு காலம் இல்லன்னா அவரு வரமாட்டாரு. எதுக்குங்க இந்தச் சண்டை?”

சேர்மன் தலையைச் சொறிந்தார்.

“அதெப்படிம்மா? ஒரு நாளைக்கு ஒரு கல்யாணம்தான?”

“யாருங்க சொன்னது?”

“உன் பொட்டிதான் சொல்லுது.”

மண்டபக்காரர்கள் சொன்னார்கள் என்று நான் ஒரு நாளுக்கு ஒரு வரிசை எழுதினேன். நான் எழுதினேன் என்று மண்டபக்காரர்கள் அதை வேதம் என்றார்கள். முதல் நாள் சாயந்திரம் தொடங்கி மறுநாள் மதியச் சாப்பாட்டோடு கல்யாண ஜனம் கிளம்பிவிடும். அடுத்த நாள் முகூர்த்தம் இல்லாவிட்டால் அதன் பிறகு மண்டபத்தில் பூனை தூங்கும். அந்தத் திங்கட்கிழமை முகூர்த்தம் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எந்தப் படிப்பும் வேண்டாம், ஆனால் அங்கே இருந்த படித்தவர், படிக்காதவர் ஒருவருக்கும் அதுவரை தோன்றவில்லை.

முனுசாமி மூன்று மணிக்குள் காலி செய்ய ஒப்புக்கொண்டார். மேடையில் பிள்ளையார் படம் இருக்கக் கூடாது என்றார் வாத்தியார். “சாயந்தரம் நானே கழட்டி எடுத்துக்கினு போயிடறேங்க” என்றார் முனுசாமி. வாசலில் கட்டும் வாழைமரம்? “அது இருந்துட்டுப் போவட்டும், மரம்தான” என்றார் வாத்தியார். கலா பத்திரிகைக் கட்டைப் பிடித்த பிடி அப்போதுதான் தளர்ந்தது.

அடுத்த வாரமே ஸ்ரீதர் எழுதிய வரிகளை எடுத்து எறிந்துவிட்டு, அந்த ஐந்து நிமிடக் கணக்கை நானே மறுபடி எழுதினேன். பூட்டைக் கழற்றினால் உள்ளே இருப்பவரின் திரை சத்தம் போட்டுச் சொல்லும்படி செய்தேன். சேமிக்கும்போது வரிசையில் கடைசியாக எழுதிய எண்ணைச் சரிபார்க்கவைத்தேன். ஒவ்வொரு தேதியையும் காலை, மாலை என்று இரண்டு வரிசையாகப் பிரித்தேன். மாலை வரிசைக்கு ராகு என்று பேர் வைத்தது வாத்தியாரின் நினைவாக, கொஞ்சம் குறும்பாக. எல்லாவற்றையும் உள்ளே தள்ளித் தள்ளி, எனக்குப் பிடித்த மாதிரி எழுதி அச்சடித்து வைத்தேன். எம்.டி. மார்ஜினைப் பற்றி வாயே திறக்கவில்லை. எச்சில் தொட்டுத் தொட்டுக் கையெழுத்துப் போட்டார். ஸ்ரீதர் பெங்களூர் போய் நன்றாகச் சம்பாதிக்கிறார் என்று கேள்வி. அப்படிப்பட்டவர்கள் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு கல்யாணத்துக்கும் போனேன். காலையில் கெட்டிமேளம், பாயசம், வடை. கலா கழுத்தில் தாலி ஏறியபோது முனுசாமி பஸ் ஹாரன் மாதிரி மூக்கைச் சிந்தினார். சொன்னபடி மூன்று மணிக்குள் மண்டபத்தைக் கழுவிக்கூட விட்டுவிட்டார்கள். சாயந்திரம் மைக், தலைமையுரை, வாழ்த்துரை, அதற்கு நன்றியுரை, மிக்சர், காபி.

பெண்ணை அனுப்பிவைத்துவிட்டு முனுசாமி பிள்ளையார் படத்தை எடுக்கத் திரும்பி வந்திருந்தார். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. படத்தைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேடையில் மாலை மாற்றும் நேரம் வந்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

விருந்தினரை வரவேற்றுக்கொண்டு வந்த வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். “இன்னா முனுசாமி, நம்ம கல்யாணத்துல சாமி கும்புடறீங்களா?”

முனுசாமி எழுந்து நின்றார். “உங்களுக்காக இல்லீங்க. உங்க மருமவளுக்கு. எம்பொண்ணு வயசுதான இருக்கும்.”

வாத்தியார் துண்டில் சுற்றியிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு முனுசாமியின் தோளைப் பிடித்து, “சாப்பிட்டுத்தான் போவணும்” என்று பந்திக்கு அவரே அழைத்துப் போனார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. இரண்டு ஜோடியும் பேரன் பேத்தி எடுக்கும் வயதுக்கு வந்துவிட்டார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். ராகு அவர்கள் யார் வீட்டுக்கும் போனதாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் கார்த்திக்கிடம் சொல்லவில்லை. கேட்கும் பொறுமை அவனுக்கு இருக்காது.

“அது பஞ்சாங்கம் இல்லப்பா. சாயங்கால வரிசைக்கு நான் வெச்ச பேரு. பேரு பிடிக்கலன்னா மாத்திக்கோ. வரிசையைத் தொட்டுடாத.”

“தொட்டாச்சே மேடம்” என்றான். “ஒரே தேதி ரெண்டு வாட்டி வருதே, டூப்ளிகேட்னு நெனச்சு ஒண்ணாக்கிட்டோம். போன வாரமே லைவ்.”

“ரெண்டுலயும் பேரு இருந்தா எந்தப் பேரை வெச்சீங்க?”

“கடைசியா எழுதினதை மேடம்.”

பின்னால் இன்னும் யாரோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“வர்ற ஆவணியில ஒரு ஞாயித்துக்கெழமையை எடுத்துப் பாரு. பழசுல யார் யார் இருந்தாங்க, புதுசுல யார் இருக்காங்கன்னு.”

கீபோர்டு சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. பின்னாலிருந்த சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

“மேடம்... காலை வரிசையில இருந்தவங்க பேரெல்லாம் காணோம்...”

“போன் பண்ணு அவங்களுக்கு” என்றேன். “நல்ல நேரம் பாத்துக்கிட்டு உக்காராத, இப்பவே பண்ணு.”